சோம்பலா? நோயா?



சித்திரை மாதத்து நண்பகல். தெருவில் தார் இளகுகிறது. வீட்டில் எல்லோரும் மின்விசிறிக்கு அடியில் இடம் தேடுகிறார்கள். அவ்வேளையில் ஒருவர் மட்டும் கம்பளிச் சால்வையைப் போர்த்திக்கொண்டு மூலையில் ஒடுங்கியிருந்தால் நீங்கள் என்ன நினைப்பீர்கள்? முதுமையின் விந்தை என்று சிரிப்பீர்கள். அப்படி ஒடுங்கியிருந்தவன் நானே. அப்பொழுது எனக்கு வயது 62.

குளிர் மட்டுமன்று. இரவெல்லாம் உறங்கியும் காலையில் களைப்பு நீங்கவில்லை. உணவு குறைந்தது, உடல் எடையோ கூடியது. தோல் வறண்டது, குரல் கரகரத்தது. பல ஆண்டுகள் வகுப்பில் சொல்லிவந்த சூத்திரங்கள் நாவின் நுனிவரை வந்து நின்றுவிட்டன. ஓய்வு பெற்றவனுக்கு வந்த சோம்பல் என்று வீட்டார் எண்ணினர். நானும் அவ்வாறே எண்ணினேன். மருத்துவர் நாடியைப் பார்த்தார். நிமிடத்துக்கு 54 முறையே துடித்தது. இரத்தத்தைச் சோதிக்கச் செய்தார். பிறகு, "ஐயா, இது சோம்பலன்று, தைராய்டுச் சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொண்டிருக்கிறது" என்றார்.

தைராய்டு என்பது கழுத்தின் முன்புறத்தில், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, சிறகு விரித்த வண்ணத்துப்பூச்சி போல் அமைந்த சுரப்பி. வளர்ந்தவர்களிடத்தும் அதன் எடை ஏறக்குறைய 20 கிராம்தான். அதற்கு நாளம் இல்லை. தான் சுரப்பதை நேரே இரத்தத்தில் கலக்கிறது. அச்சுரப்பில் முதன்மையானது தைராக்சின். அதன் ஒவ்வொரு மூலக்கூற்றிலும் நான்கு அயோடின் அணுக்கள் உண்டு.

இது செய்யும் பணி யாது? நாம் அசையாது படுத்திருக்கும்பொழுதும் இதயம் துடிக்கிறது, மூச்சு இயங்குகிறது, உடற்சூடு காக்கப்படுகிறது. இவற்றுக்கெல்லாம் உணவு எரிந்து ஆற்றலாக வேண்டும். இவ்வேலைகளைத்தான் வளர்சிதை மாற்றம் என்கிறோம். உடலை ஓர் அடுப்பென்று கொண்டால், உணவே விறகு. அடுப்பின் காற்றுவாயைத் திறந்தும் மூடியும் தழலை அளவில் நிறுத்தும் கை போன்றது தைராக்சின். அது குறைந்தால் தழல் அவிகிறது: குளிர், களைப்பு, மந்தம், மலச்சிக்கல், மெதுவான நாடி. மிகுந்தால் தழல் கொழுந்துவிடுகிறது: நன்றாக உண்டும் உடல் இளைக்கும், வியர்க்கும், கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். செருமானிய அறிஞர் மாக்னஸ்-லெவி 1895-இல், நோயாளிகள் உட்கொள்ளும் ஆக்சிஜனை அளந்து இவ்வுண்மையை எண்களால் காட்டினார்.

சுரப்பியைக் கண்காணிக்க மூளையின் அடியில் பிட்யூட்டரி என்னும் மேலாளர் இருக்கிறார். தைராக்சின் குறையும்பொழுது அவர் டி.எஸ்.எச். என்னும் தூதை மிகுதியாக அனுப்புகிறார். ஆகவே இரத்தத்தில் டி.எஸ்.எச். உயர்ந்திருந்தால், தைராய்டு சோர்ந்திருக்கிறது என்று மருத்துவர் பெரும்பாலும் அறிந்துகொள்கிறார்.

இந்நோய்க்கு மருந்து கண்ட வரலாறு சுவையானது. 1891-இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்து மருத்துவர் ஜார்ஜ் மரே, ஆட்டின் தைராய்டிலிருந்து எடுத்த சாற்றை 46 வயது மாது ஒருவருக்கு ஊசி வழியே செலுத்தினார். சோர்ந்து வீங்கியிருந்த அவர் தேறினார். 1919-இல் தம் 74-ஆம் வயதில் மறையும்வரை, 28 ஆண்டுகள், அச்சாற்றாலேயே வாழ்ந்தார். 1914-இல் அமெரிக்காவில் கெண்டல் தைராக்சினைத் தூய பொருளாகப் பிரித்தெடுத்தார். 1927-இல் ஹாரிங்டனும் பார்கரும் அதை ஆய்வுக்கூடத்திலேயே ஆக்கிக் காட்டினர். இன்று அதே பொருள் ஒரு சிறு மாத்திரையாக நம் கைக்கு எட்டுகிறது.

நம் நாட்டின் பங்கும் உண்டு. மழையும் பனியாறும் மலைமண்ணின் அயோடினைக் கரைத்துச் சென்றுவிடுவதால், இமயமலைப் பகுதிகளில் முன்கழுத்துக் கழலை மிகுந்திருந்தது. காங்ரா பள்ளத்தாக்கில் 1956-இல் தொடங்கிய ஆய்வில், டாக்டர் இராமலிங்கசுவாமியும் அவர் குழுவினரும் அயோடின் கலந்த உப்பால் அதைக் குறைக்க இயலும் என்று நிறுவினர். 1962-இல் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் பிறந்தது. வளர்ந்த ஒருவருக்கு நாள் ஒன்றுக்குத் தேவை 150 மைக்ரோகிராம் அயோடின். 70 ஆண்டுகளுக்குப் பெருக்கிப் பாருங்கள். 4 கிராமுக்கும் குறைவே வரும்! அத்துணைச் சிறு பொருள் கருவிலுள்ள குழந்தைக்குக் கிட்டாவிடில், அதன் மூளை வளர்ச்சியே குன்றக்கூடும்.

ஆயினும் என் நோய் உப்பின் குறையால் வந்ததன்று. உடலின் காவற்படையே தன் சுரப்பியைப் பகையென்று தாக்கும் வகை இது. 1912-இல் சப்பானிய மருத்துவர் ஹாஷிமோட்டோ விவரித்தமையால் அவர் பெயரே இதற்கு வழங்குகிறது. இதற்கு உப்பைக் கூட்டி உண்பது மருந்தாகாது.

நாள்தோறும் விடியலில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரையைத் தண்ணீருடன் விழுங்குகிறேன். காப்பிக்கு ஒரு மணி நேரம் காத்திருக்கிறேன். சுண்ணாம்புச் சத்து, இரும்புச் சத்து மாத்திரைகள் இதை உடலில் ஏறவிடாமல் தடுக்கும். ஆதலால் அவற்றுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். அளவை மாற்றினால் ஆறு முதல் எட்டு வாரங்களுக்குப் பின்னரே மறுசோதனை. ஏனெனில் உடலில் தைராக்சின் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். மாற்றம் மெல்லத்தான் நிலைபெறும். நலம் வந்துவிட்டதென்று தாமே மருந்தை நிறுத்துவது தவறு. உடல் மெலியவேண்டும் என்று நோயற்றவர்கள் இம்மாத்திரையை உண்பதோ பெருந்தவறு. அது இதயத்தையும் எலும்பையும் கெடுக்கும். இந்நோயால் கூடும் எடையும் பெரும்பாலும் சில கிலோவே. அதிலும் ஒரு பகுதி தேங்கிய நீரும் உப்பும்.

இனி நான் சொல்லவேண்டியது ஒன்று உண்டு. தலைமையாசிரியராக இருந்த காலத்தில் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, நன்றாகப் படித்துவந்தவள், மெல்ல மெல்லப் பின்தங்கினாள். வகுப்பில் உறங்கினாள். கேட்ட கேள்விக்கு நெடுநேரம் கழித்து விடை சொன்னாள். அவளை எழுப்பி நிறுத்தி, எல்லோர் முன்னிலையிலும் சோம்பேறி என்று கடிந்தேன். அவள் ஒன்றும் பேசவில்லை.

சில வாரங்கள் கழித்து உடற்பயிற்சி ஆசிரியர் என்னிடம் வந்தார். "ஐயா, உயர வரிசையில் நடுவில் நின்ற பெண் இன்று முன்வரிசைக்கு வந்துவிட்டாள். மற்றவர்கள் வளர்ந்திருக்கிறார்கள், இவள் இரண்டு ஆண்டுகளாக வளரவே இல்லை" என்றார். பெற்றோரை வரவழைத்து மருத்துவரிடம் அனுப்பினோம். தைராய்டுக் குறை என்று தெரிந்தது. ஓராண்டு மருந்து உண்டபின் அவள் வளர்ந்தாள், உறக்கம் நீங்கியது, மதிப்பெண்ணும் மீண்டது. நான் சொன்ன சொல்லை மட்டும் மீட்க இயலவில்லை. நானோ அவள் மதிப்பெண் ஏட்டையே பார்த்தேன். அவ்வாசிரியர் அவளைப் பார்த்தார். அதன் வேறுபாடு, சித்திரை வெயிலில் சால்வை போர்த்தியிருந்த அன்றுதான் எனக்கு முழுதும் விளங்கிற்று.

அன்பு மாணவர்களே, காரணமின்றிக் களைப்போ குளிரோ நெடுநாள் நீடித்தால், அதை மறைக்காமல் வீட்டில் சொல்லுங்கள். எல்லாக் களைப்பும் தைராய்டன்று. சோதித்து அறிவது மருத்துவர் கடமை. உங்கள் பக்கத்தில் அமர்ந்திருக்கும் தோழன் மந்தமாகிவிட்டால், சோம்பேறி என்று சொல்லுமுன், "உடம்புக்கு என்ன?" என்று ஒருமுறை கேளுங்கள். அக்கேள்வியை நான் அன்று கேட்கவில்லை, நீங்களாவது கேளுங்கள்.