நம் உடம்பின் நீர்ப்பாய்ச்சி

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



இந்தச் சந்திப்பில் பேச வேண்டும் என்று சங்கச் செயலாளர் போனில் கேட்டபோது, "ஏதாவது டெக்னிக்கலா பேசுப்பா, சாப்பாட்டுக்கு முன்னாடி முடிச்சிரு" என்றார். நான் தலைப்பைச் சொன்னதும் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "சிறுநீரகமா? நீ மெக்கானிக்கல்தானே?" என்றார்.

ஆமாம், மெக்கானிக்கல்தான். ஆனால் 14 வருஷமாக நான் பார்ப்பது தண்ணீர் சுத்திகரிப்பு நிலையங்கள் அமைக்கிற வேலை. ஆஸ்பத்திரிகளின் டயாலிசிஸ் பிரிவுக்குத் தண்ணீர் தயார் செய்து கொடுப்பதும் அதில் ஒரு பகுதி. டயாலிசிஸ் மெஷினுக்குள் நிமிஷத்துக்கு 500 மில்லி வீதம் திரவம் ஓடும். நாலு மணி நேரத்துக்குக் கணக்குப் போட்டால் 120 லிட்டர். ஒரு மெல்லிய சவ்வுக்கு அந்தப் பக்கம் நோயாளியின் இரத்தம், இந்தப் பக்கம் நம்ம தண்ணீரில் கலந்த திரவம். மதுரைப் பக்கத்து போர் தண்ணி எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும், பருப்பே வேகாது. அதைக் கடினம் நீக்கி, கார்பன் வடிகட்டியில் விட்டு, ஆர்.ஓ. சவ்வில் அழுத்தி, பிறகுதான் மெஷினுக்கு அனுப்ப முடியும். குளோரமின் தப்பிப் போனால் இரத்தச் சிவப்பணுக்கள் உடையும். 1970-களில் தண்ணீரில் இருந்த அலுமினியத்தால் மேலைநாடுகளில் டயாலிசிஸ் நோயாளிகளுக்கு மூளையே பாதித்திருக்கிறது. குடிக்கிற தண்ணீரில் இருந்தால் பெரிதாகத் தெரியாத ஒன்று இங்கே விஷமாகிவிடுகிறது.

இவ்வளவு பம்பு, டேங்க், மீட்டர் எல்லாம் வைத்து ஓட்டுகிற மெஷின் ஒருவருக்கு வாரத்தில் 12 மணி நேரம் வேலை செய்யும். கைமுட்டி அளவே இருக்கிற இரண்டு சிறுநீரகங்கள் வாரத்துக்கு 168 மணி நேரமும் செய்கின்றன. லீவு கிடையாது, மெயின்டனன்ஸ் ஷட்டவுன் கிடையாது. அதைப் பார்த்துத்தான் எனக்கு இந்த விஷயத்தில் ஆர்வம் வந்தது. மருத்துவம் சொல்ல நான் வரவில்லை. ஒரு பொறியாளன் கண்ணில் பட்டதைச் சொல்கிறேன்.

சிறுநீரகத்தை வடிகட்டி என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்தோம். அது பாதி உண்மைதான். இதயம் நிமிஷத்துக்கு ஏறக்குறைய 5 லிட்டர் இரத்தத்தை அனுப்புகிறது. அதில் ஐந்தில் ஒரு பங்கு நேராக இந்த இரண்டு உறுப்புகளுக்குப் போகிறது. ஒவ்வொன்றிலும் சுமார் 10 லட்சம் நெஃப்ரான்கள். நெஃப்ரானின் தலைப்பில் இருக்கும் தந்துகி முடிச்சில் இரத்த அணுக்களும் புரதமும் நின்றுவிடும், தண்ணீரும் உப்பும் சர்க்கரையும் யூரியாவும் வெளியே கசியும். இப்படி ஒரு நாளைக்குக் கசிவது 180 லிட்டர். ஆனால் நாம் கழிப்பது ஒன்று, ஒன்றரை லிட்டர். மிச்சம் முழுவதையும் நெஃப்ரானின் நீண்ட குழாய் திரும்ப உள்ளே எடுத்துக்கொள்கிறது. உப்பை மட்டும் கணக்கிட்டால், தினமும் ஒன்றரைக் கிலோ அளவுக்குக் கசிந்து, அத்தனையும் உள்ளே போய், நாம் சாப்பாட்டில் கூடுதலாகச் சேர்த்த சில கிராம் மட்டும் வெளியேறுகிறது.

எந்தப் பொறியாளரும் இப்படி டிசைன் செய்ய மாட்டார். குப்பையை மட்டும் பொறுக்கி எறிவதை விட்டுவிட்டு, வீட்டுச் சாமான் மொத்தத்தையும் தெருவில் வைத்து, வேண்டியதை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்து வைக்கிற மாதிரி. போகிப் பண்டிகையைத் தினமும் அறுபது தடவை கொண்டாடுகிற வீடு அது. (உடம்பில் இருக்கும் 3 லிட்டர் பிளாஸ்மா ஒரு நாளில் 60 முறை கசிந்து திரும்புகிறது.) வீண் வேலை என்றுதான் முதலில் தோன்றும். யோசித்துப் பார்த்தால் இதில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. நாளைக்கு ஒரு புது மருந்தோ, முன்பின் பார்க்காத ஒரு வேதிப்பொருளோ உள்ளே வந்தாலும், சிறுநீரகம் அதை அடையாளம் காண வேண்டிய அவசியமில்லை. வேண்டியது எது என்று தெரிந்தால் போதும்.

கண்மாய்ப் பாசனம் பார்த்தவர்களுக்கு இதன் மறுபாதி சுலபமாகப் புரியும். எங்கள் ஊரில் நீர்ப்பாய்ச்சி என்று ஒருவர் இருப்பார். கண்மாயில் எவ்வளவு கிடக்கிறது, எந்த வயல் காய்கிறது, எதில் ஏற்கெனவே நிற்கிறது என்று பார்த்து மடையைத் திறப்பார், அடைப்பார். சிறுநீரகம் செய்வதும் அதுவே. இரத்தத்தின் அடர்த்தி ஒன்றிரண்டு சதவீதம் கூடினாலே மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் உணர்விகள் கண்டுபிடித்துவிடும். உடனே தாகம் எடுக்கும், கூடவே வாசோபிரசின் என்ற ஹார்மோன் புறப்படும். அது சொன்னால் நெஃப்ரானின் கடைசிக் குழாய் தண்ணீரை இழுத்துக்கொள்ளும், சிறுநீர் குறைந்து மஞ்சளாகும். நிறையக் குடித்துவிட்டால் ஹார்மோன் நின்றுவிடும், தண்ணீர் மாதிரியே வெளியே வரும். பொட்டாசியம், அமிலத்தன்மை இரண்டுக்கும் இதே மாதிரி தனித்தனி மடைகள் உண்டு. இரத்த அழுத்தம் இறங்கினால் ரெனின் என்ற தகவல் போகும். சிவப்பணு உற்பத்திக்கு எலும்பு மஜ்ஜைக்கு ஆர்டர் போவதும் இங்கிருந்துதான். சிறுநீரகம் கெட்டவர்கள் இரத்தசோகையால் வெளுத்துப் போவது அதனால்தான்.

ஆனால் நீர்ப்பாய்ச்சி எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், கண்மாய்க்கு வரத்து இல்லையென்றால் என்ன செய்ய முடியும்? சிறுநீரகத்தின் சிக்கனத்துக்கும் ஓர் எல்லை உண்டு. அன்றாடக் கழிவைக் கரைத்து அனுப்பக் குறைந்தது அரை லிட்டர் சிறுநீர் வேண்டும். அதற்குக் கீழே போக முடியாது. மதுரையில் மே மாதம் வெயிலில் கல் சுமக்கிறவருக்கு மணிக்கு ஒரு லிட்டர் வரை வியர்வையாகவே போய்விடும். அந்த நேரத்தில் குடிக்கவில்லை என்றால் மடை முழுக்க அடைபட்டு, சிறுநீர் சுண்டிப்போய், கால்சியமும் ஆக்சலேட்டும் படிகமாகத் தொடங்கும். பாய்லர் குழாயில் உப்புப் படிவதைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கல் வந்தவர்களுக்கு வாழைத்தண்டுச் சாறு கொடுக்கிறோம். கொடுங்கள், தப்பில்லை. ஆனால் கல் வராமல் தடுக்க மருத்துவர்கள் சொல்வது, தினம் இரண்டு, இரண்டரை லிட்டர் சிறுநீர் போகிற அளவுக்குத் தண்ணீர். (இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் டாக்டரிடம் அளவு கேட்டுக்கொள்ள வேண்டும்.) இன்னொரு ஆபத்தும் உண்டு. சாயங்காலம் உடம்பு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் டைக்ளோபினாக் மாத்திரை வாங்கிப் போடுவது. உடம்பு வறண்டு கிடக்கும்போது இரத்தம் உள்ளே வருகிற குழாயைச் சிறுநீரகம் பாடுபட்டு விரித்து வைத்திருக்கும். அந்த மாத்திரை அதைச் சுருக்கிவிடும்.

கல் வலித்தாவது சொல்லும். மற்றது சொல்லாது. பாதிச் செயல்பாடு போன பிறகுதான் இரத்தத்தில் கிரியேட்டினின் ஏறுவது தெளிவாகத் தெரியும். சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும்தான் பெரிய காரணங்கள், அது நீங்கள் அறிந்ததே. இரண்டும் இல்லாமலே வருவதும் உண்டு. ஆந்திராவின் உத்தானம் பகுதியிலும், இலங்கையின் வடமத்திய மாகாணத்து நெல் விவசாயிகளிடமும், மத்திய அமெரிக்காவின் கரும்பு வெட்டுகிறவர்களிடமும் இப்படி ஒரு சிறுநீரக நோய் இருக்கிறது. காரணம் பற்றி இன்னும் விவாதம் நடக்கிறது. வெயிலில் கடும் உழைப்பும் திரும்பத் திரும்ப உடம்பு வறள்வதும் முக்கியமாகச் சந்தேகிக்கப்படுகின்றன. நம் தமிழ்நாட்டு உப்பளங்களில் 2017 முதல் 2020 வரை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தார் 352 தொழிலாளர்களைச் சோதித்ததில் சுமார் 7 சதவீதம் பேருக்குச் சிறுநீரகச் செயல்பாடு குறைந்திருந்தது. நிகராகுவாவின் ஒரு கரும்பு ஆலையில் தண்ணீர், ஓய்வு, நிழல் மூன்றையும் ஒழுங்காகக் கொடுத்த பிறகு பாதிப்பு குறைந்திருக்கிறது.

தண்ணீர், ஓய்வு, நிழல். நான் இதோடு நாலாவதாக ஒன்றைச் சேர்ப்பேன்.

திருமங்கலம் தாண்டி ஒரு கட்டுமானத் தளத்தில் எங்களுக்கு வேலை. காண்ட்ராக்டர் நல்ல மனிதர், தொழிலாளர்களுக்கு 1000 லிட்டர் குடிநீர் டேங்க் நிழலில் வைத்திருந்தார். எனக்கு எதையும் அளந்து பார்க்கிற பழக்கம். தினம் சாயங்காலம் பார்த்தால் பாதிக்கு மேல் மிச்சம் இருக்கும். சித்திரை மாத வெயில், நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்கள், அதில் பாதிக்கு மேல் பெண்கள். கணக்கு உதைத்தது. தண்ணி நல்லா இல்லையோ என்று ஒரு வயதான சித்தாள் அம்மாவிடம் கேட்டேன். "தண்ணிக்கென்ன தம்பி, நல்லாத்தான் இருக்கு. குடிச்சா எந்திரிச்சுப் போகணும்ல? போறதுக்கு எடம் எங்க இருக்கு?" என்றார்கள். காலையில் வீட்டில் ஒரு டம்ளர் காபி, அப்புறம் வீடு திரும்பித்தான் தண்ணீர். அவர் மட்டுமில்லை, அங்கே இருந்த எல்லாப் பெண்களும் அப்படித்தான்.

காண்ட்ராக்டரிடம் சொன்னேன். தகர ஷீட்டில் நான்கு கழிப்பறை, உள்ளே தண்ணீர், உள்பக்கம் தாழ்ப்பாள். மூன்றே நாள் வேலை. அடுத்த வாரத்திலிருந்து டேங்க் மூன்று மணிக்கே காலி. தண்ணீரின் தரம் மாறவில்லை, வெயில் மாறவில்லை.

நம்ம ஊரில் தண்ணீர் கொடுப்பதற்குக் குறைவே இல்லை. அழகர் ஆற்றில் இறங்குகிற நாளில் தெருவுக்குத் தெரு நீர்மோர்ப் பந்தல், பானகம். மதுரைக்காரன் யாரையும் தாகத்தோடு அனுப்ப மாட்டான். ஆனால் குடித்த மோர் இரண்டு மணி நேரத்தில் எங்கே போகும் என்று எந்தப் பந்தல்காரராவது யோசித்திருக்கிறாரா? மாசி வீதி ஜவுளிக் கடைகளில் நாள் முழுக்க நிற்கிற பிள்ளைகளுக்கு உட்கார இருக்கை வேண்டும் என்று 2021-இல் தமிழக அரசு சட்டம் திருத்தியது. நல்ல காரியம். எழுந்து போய்விட்டு வருவதற்கும் யாராவது குரல் கொடுக்க வேண்டும். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் 18-ஆவது பிரிவு குடிதண்ணீராகவும், அடுத்த 19-ஆவது பிரிவு கழிப்பறையாகவும் இருந்தன. எழுதியவர்கள் இரண்டையும் அடுத்தடுத்து வைத்திருந்தார்கள். நாம்தான் 18-ஐப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவிட்டோம்.

இப்போது நம் கல்லூரிக்கு வருகிறேன். போன மாதம் ஒரு வேலையாக இங்கே வந்தபோது சர்வே பிராக்டிகல் நடக்கிற மைதானத்திலிருந்தும், ஒர்க்‌ஷாப்பிலிருந்தும் பெண்கள் கழிப்பறை எவ்வளவு தூரம் என்று நடந்து பார்த்தேன். ஒர்க்‌ஷாப்பிலிருந்து 340 அடி, மைதானத்திலிருந்து 460 அடி. எங்கள் செட்டில் மெக்கானிக்கலில் நான்கே பெண்கள். இப்போது வகுப்பில் மூன்றில் ஒரு பங்கு இருக்கிறார்கள். நான் பேசிய தங்கைகளில் மூன்று பேர் "பிராக்டிகல் அன்னிக்கு காலைல தண்ணி குடிக்க மாட்டோம்ணா" என்று சாதாரணமாகச் சொன்னார்கள். பையன்கள் மட்டும் என்ன, ஒர்க்‌ஷாப் வாசலில் இருக்கிற ஒரே குழாயில் வரிசை பார்த்துவிட்டுத் திரும்பி விடுகிறார்கள்.

இன்று மாலை பொதுக்குழுவில் சங்க நிதியை எதற்குச் செலவிடுவது என்று முடிவு செய்யப் போகிறோம். முதல் தீர்மானம், நுழைவாயிலில் அலங்கார வளைவு. வளைவுக்கு நான் எதிரியில்லை, நம் கல்லூரியின் பெயர் ரோட்டிலிருந்து தெரிந்தால் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அதே தொகையில் ஒர்க்‌ஷாப் பின்புறம் பெண்களுக்கு ஆறு, ஆண்களுக்கு நான்கு கழிப்பறையும், மைதான ஓரத்தில் பெண்களுக்கு இரண்டும், இரண்டு இடத்தில் குளிர்ந்த குடிநீர்க் குழாயும் போடலாம். சுத்தம் செய்கிறவரின் மூன்று வருஷச் சம்பளத்துக்கும் அதிலேயே ஒதுக்கீடு வைத்திருக்கிறேன். அது இல்லாவிட்டால் ஆறே மாதத்தில் பூட்டுப் போட்டு விடுவார்கள், அதையும் எத்தனையோ இடங்களில் பார்த்தாயிற்று. சிவில் படித்த என் செட் நண்பர் ஒருவர் வரைபடமும் மதிப்பீடும் இலவசமாகப் போட்டுத் தந்திருக்கிறார். மோட்டார், பைப், டேங்க் என் பொறுப்பு.

பொதுக்குழு நாலு மணிக்கு. மதிப்பீட்டின் நகல் வாசல் மேஜையில் இருக்கிறது, தொகையில் சந்தேகம் உள்ளவர்கள் பந்தியிலேயே என்னைப் பிடித்துக் கேட்கலாம். செயலாளர் கைக்கடிகாரத்தைக் காட்டுகிறார்.