பூச்சி கொடுக்கும் விலை

"பூமி சூடானால் என்ன, பூச்சி தன்னை மாற்றிக்கொண்டு பிழைத்துக்கொள்ளும்" என்கிறார்கள் சிலர். பெயர் சொல்ல மாட்டேன். நீங்கள் கைதட்டுவதிலேயே தெரிகிறது, ஆளைக் கண்டுபிடித்துவிட்டீர்கள்! அவர்கள் சொல்வதில் பாதி உண்மை. அந்தப் பாதியை நானே எடுத்து வைக்கிறேன். இங்கிலாந்தின் பிரவுன் ஆர்கஸ் வண்ணத்துப்பூச்சி, தெற்கே சுண்ணாம்புக் குன்றுகளில் ராக்ரோஸ் செடியை நம்பி வாழ்ந்தது. கோடை சூடேறியதும் ஜெரேனியம் வகைச் செடிகளைப் பற்றிக்கொண்டு, இருபதே ஆண்டுகளில் ஏறக்குறைய 80 கிலோமீட்டர் வடக்கே ஏறிவிட்டது. இதை உலகுக்குச் சொன்னவர்கள் யார்? 1976 முதல் வாரந்தோறும் ஒரே தடத்தில் நடந்து, கண்ணில் பட்ட வண்ணத்துப்பூச்சிகளை எண்ணிக் குறித்த சாதாரண மனிதர்கள். அவர்களுக்குச் சிலை கிடையாது, சால்வை கிடையாது. அவர்கள் குறிப்பேடுகள் இல்லையென்றால் இன்று எனக்கும் பேச்சு கிடையாது!

"பூச்சி இடம்தானே மாறியது, இதில் பரிணாமம் எங்கே வந்தது?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வட அமெரிக்காவில் குடுவைத் தாவரத்தின் நீரில் வளரும் கொசு, பகல் குறைவதை உணர்ந்து குளிர்கால உறக்கத்துக்குப் போகும். பல இடத்துக் கொசுக்களையும் ஆய்வகத்தில் ஒரே சூழலில் வளர்த்துப் பார்த்தார்கள் பிராட்ஷா, ஹோல்சாப்ஃபல் என்ற ஆய்வாளர்கள். 1972-க்கும் 1996-க்கும் இடையே, வடக்கத்திக் கொசுக்கள் உறங்கப் போகும் காலம் தள்ளிப்போயிருந்தது. சூழல் ஒன்றே என்னும்போது வேறுபாடு பரம்பரையில்தானே இருக்க வேண்டும்? 2001-இல் வெளிவந்த முடிவு இது.

சரி, பூச்சி மாறுகிறது. என்ன விலைக்கு? ரோசல் என்னும் வெட்டுக்கிளி இனத்துக்கு வழக்கமாகக் குட்டைச் சிறகு. புதிதாகக் குடியேறிய இடங்களிலோ நீளச்சிறகுள்ளவை அதிகம். பறக்க வல்லதுதானே முதலில் போய்ச் சேரும்! ஆனால் சிறகுக்குக் கொடுத்த சத்து முட்டைக்குக் கிடைப்பதில்லை. நீளச்சிறகி இடும் முட்டைகள் குறைவு. பிரவுன் ஆர்கஸ் கதையும் அதேதான். புது இடத்துப் பூச்சிகள் ஜெரேனியத்தையே நாடி, ராக்ரோஸில் வாழும் திறனை இழந்து வருகின்றன. நம்மூரில் கொடி மாறியவர் தேர்தல் வந்தால் பழைய வீட்டுக்கே திரும்பிவிடுவார், ஆரத்தியும் எடுப்பார்கள்! செடி மாறிய பூச்சிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஒரு மாற்றத்துக்கு வழிவிட்ட பரிணாமம், அடுத்த மாற்றத்துக்கான கையிருப்பைக் கரைத்துவிடுகிறது.

"பரவியது பரவியதுதானே, அது வெற்றி இல்லையா?" என்பார்கள். வெற்றிதான், வழியில் செடி இருந்தவரை. ஜெரேனியம் ஊரெங்கும் முளைத்ததால் பிரவுன் ஆர்கஸ் போனது. தன் செடி ஓரிடத்தில் மட்டும் உள்ள பூச்சி எங்கே போகும்? ஆகவே பரிணாமத்தைக் காட்டி நம் பொறுப்பைத் தட்டிக்கழிக்க வேண்டாம். வரப்போரத்துப் பூண்டுகளையும் சாலையோரத்துப் புதர்களையும் விட்டுவையுங்கள். பெயர் தெரியாத அந்த மனிதர்களைப் போல, உங்கள் ஊர்ப் பூச்சிகளை எண்ணத் தொடங்குங்கள்.