வேப்பங்கரைசல் அடிச்சும் புழு சாகலையா?

மாடித்தோட்டம் பத்தி எனக்கு வர்ற கேள்விகள்ல பாதி இதுதான்: "வேப்பங்கரைசல் அடிச்சேன், மறுநாள் பார்த்தா புழு அப்படியே உட்கார்ந்திருக்கு. இதெல்லாம் வேலைக்கு ஆகாதா?"

இப்படிக் கேட்டுட்டு சிலர் கடையில கிடைக்கிற ஏதோ ஒரு மருந்தை வாங்கி அடிச்சிடுறாங்க. ரெண்டு நாள் கழிச்சு அதே செடியில கத்திரிக்காய் பறிச்சு சாம்பாரும் வச்சிடுறாங்க. அந்த அவசரத்துக்காகத்தான் இன்னைக்குப் பேச வந்தேன்.

ஒரு புழு வளரணும்னா பல தடவை தோலுரிக்கணும். அதை நடத்துறது அதோட உடம்புல இருக்கிற ஒரு ஹார்மோன். வேப்பங்கொட்டையில இருக்கிற அசாடிராக்டின் அந்த ஹார்மோன் வேலையைக் குழப்பிவிடுது. தோலை உரிக்க முடியாம, பழைய சட்டைக்குள்ளேயே மாட்டிக்கிட்டு புழு சாகுது. அதுக்குச் சில நாள் ஆகும். ஆனா அதுக்கு ரொம்ப முன்னாடியே அது சாப்பிடுறதைக் குறைச்சிடும். அதனால மறுநாள் காலையில புழுவை எண்ணாதீங்க. புதுத் துளிர்ல ஓட்டை விழுதான்னு பாருங்க. சின்னப் புழுவா இருக்கும்போது அடிச்சாதான் பலன். விரல் தடிமனுக்கு வளர்ந்ததைக் கையால எடுத்துப் போடுறதுதான் புத்திசாலித்தனம்.

1959-ல சூடான்ல வெட்டுக்கிளிக் கூட்டம் வந்து பச்சையா இருந்ததையெல்லாம் மொட்டையடிச்சப்போ, வேப்பமரம் மட்டும் தப்பிச்சு நின்னுச்சு. அதைப் பார்த்த ஷ்முட்டரர்ங்கிற ஜெர்மன் பூச்சியியலாளர் வாழ்நாள் முழுக்க வேம்பையே ஆராய்ஞ்சார். பசியோட வந்த வெட்டுக்கிளியே வாய் வைக்கலைன்னா யோசிச்சுக்கோங்க!

செய்முறை சுலபம். ஒரு லிட்டர் தண்ணிக்கு 50 கிராம் வேப்பம்பருப்புத் தூள். ராத்திரி முழுக்க ஊறட்டும். காலையில துணியில வடிகட்டினா பால் மாதிரி வரும். இலையில ஒட்டுறதுக்குக் கொஞ்சம் காதி சோப்பைக் கரைச்சுச் சேருங்க. வெயில் பட்டா அசாடிராக்டின் சிதைஞ்சிடும், அதனால சாயங்காலம் அடிங்க, இலையோட அடிப்பக்கமும் நனையணும். வாரம் பத்து நாளைக்கு ஒருமுறை திரும்ப அடிக்கணும். மீந்ததை பாட்டில்ல எடுத்து வைக்காதீங்க, வீரியம் போயிடும்.

இன்னொரு விஷயம், இது எனக்கு உண்மையிலேயே பயம். வேம்பு மெதுவா வேலை செய்யுதுன்னு சிலர் புகையிலைக் கஷாயத்துக்குப் போறாங்க. "அதுவும் செடிதானே"ன்னு வெறுங்கையால பிழியுறாங்க. நிக்கோட்டின் தோல் வழியாவே உள்ள போகும். ஈரமான புகையிலைச் செடியில வேலை பார்க்கிற கூலியாட்களுக்கே வாந்தியும் தலைசுத்தலும் வரும். நிக்கோட்டின் சல்பேட்டை பூச்சிமருந்தா பயன்படுத்த இந்தியாவுல தடை இருக்கு. குழந்தைங்க ஓடி விளையாடுற மாடியில, பச்சையா பறிச்சுத் தின்கிற தக்காளியில இது வேண்டவே வேண்டாம்.

பருப்பு கிடைக்காதவங்க கடையில வேப்ப மருந்து வாங்கலாம். தலைக்குத் தேய்க்கிற எண்ணெய் இல்ல, உரக்கடையில கேளுங்க. லேபிள்ல அசாடிராக்டின் 300 பிபிஎம், 1500 பிபிஎம், 10000 பிபிஎம்னு போட்டிருக்கும். மூணுக்கும் கலக்குற அளவு வேற வேற. அந்த எண்ணே இல்லாத பாட்டிலா இருந்தா, கடைக்காரர் என்ன சொன்னாலும் திருப்பிக் குடுத்துடுங்க.