காம்பராவின் வாசனை

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



மணத்தைக் குறிக்கத் தமிழில் சொற்கள் பல உண்டு. 'நாற்றம்' என்பது ஒரு காலத்தில் நறுமணத்தையும் குறித்த நல்ல சொல். இன்று அது கீழிறங்கிவிட்டது. வடமொழி வழியாக வந்த 'வாசனை' என்ற சொல்லோ இரண்டு பொருளோடு நம்மிடம் நிலைத்திருக்கிறது. மூக்கு உணரும் மணம் ஒன்று. முன்பு பெற்ற அனுபவம் மனத்தில் விட்டுச்செல்லும் பதிவு மற்றொன்று. 'பூர்வ ஜன்ம வாசனை' என்று சொல்கிறோமே, அந்தப் பொருள். பூவை எடுத்த பின்னும் கூடையில் தங்கி நிற்பது மணம். காலம் கடந்த பின்னும் மனத்தில் தங்கி நிற்பது நினைவு. இரண்டையும் ஒரே சொல்லால் வழங்குகிறோம். வீட்டின் மணம் நம் மனநிலையை எப்படி ஆள்கிறது என்ற கேள்விக்கு விடை இந்தச் சொல்லிலேயே இருக்கிறது என்பது என் எண்ணம்.

முதலில் இலக்கியத்தை நோக்குவோம். பத்துப்பாட்டில் ஒன்றாகிய நெடுநல்வாடையை நக்கீரர் பாடினார். அது குளிரைப் பற்றிய பாட்டு. நுவரெலியாவிலும் ஹட்டனிலும் வாழ்கின்ற மாணவருக்கு அதன் முற்பகுதிக்கு உரையே வேண்டியதில்லை. மழையும் மூடுபனியும் சூரியனை மறைத்துவிட்டன. பொழுது எவ்வளவு ஆயிற்று என்று தெரியவில்லை. அப்போது தட்டில் இட்டு வைத்திருந்த பிச்சி அரும்புகள் இதழ் விரிந்து மணக்கின்றன. அந்த மணத்தைக் கொண்டே மாலை வந்துவிட்டதை அறிந்து, பெண்கள் விளக்கேற்றி, நெல்லும் மலரும் தூவிக் கைதொழுகிறார்கள். மணம் அங்கே கடிகாரமாகிறது. தொடர்ந்து, சந்தனம் அரைக்கும் கல் குளிரில் சும்மா கிடக்கிறது. தகர விறகில் நெருப்பு மூட்டி அகிலும் வெள்ளயிரும் புகைக்கிறார்கள். வெயிலுக்கு ஒரு மணம், குளிருக்கு வேறொரு மணம் என்று நம் முன்னோர் வகுத்து வைத்திருந்தார்கள் என்பது இதனால் விளங்கும்.

இனி, நம் மலையகத்து லயத்துக்கு வருவோம். 10 அடிக்கு 12 அடி அளவில் ஒரு காம்பரா. முன்னால் ஓர் இஸ்தோப்பு. பல குடும்பங்களில் மூன்று தலைமுறைகள் இதற்குள்ளேதான் வாழ்ந்தன. இன்றும் வாழ்கின்றவர்கள் உண்டு. அந்தக் காம்பராவின் மணம் என்ன? கவ்வாத்து மிலாறு எரியும் அடுப்பின் புகை. மழையில் நனைந்து மூலையில் காயும் கம்பளி. கழுவினாலும் போகாத கொழுந்துச் சாறு படிந்த கை. காற்று இந்தப் பக்கம் திரும்பினால் ஸ்டோரிலிருந்து வரும் தேயிலை மணம். வெள்ளிக்கிழமை வந்துவிட்டால் இவை எல்லாவற்றுக்கும் மேலே, சிரட்டைக் கரி நெருப்பில் தூவிய சாம்பிராணி. பிள்ளைக்குத் தலை முழுகவைத்து, ஈரம் போகச் சாம்பிராணிப் புகை காட்டும் பாட்டியின் கையைப் பலர் நினைவில் வைத்திருப்பார்கள். அகில் புகைத்த நெடுநல்வாடைப் பெண்ணுக்கும் இந்தப் பாட்டிக்கும் தூரம் அதிகமில்லை.

இந்த மணம் மனத்தைத் தொடுவது ஏன்? விஞ்ஞானம் சொல்லும் விளக்கம் எளியது. கண் கண்டதும் காது கேட்டதும் மூளையிலே 'தலமஸ்' என்னும் இடத்தில் இறங்கி, அதன்பின்தான் உரிய பகுதிகளுக்குப் போகின்றன. மூக்கு உணர்ந்தது அப்படி இறங்குவதில்லை. உணர்ச்சியோடு தொடர்புடைய அமிக்டலாவுக்கும், நினைவோடு தொடர்புடைய ஹிப்போகம்பஸ் பகுதிக்கும் அதற்குக் குறுக்கு வழி இருக்கிறது. அதனால்தான் இது என்ன மணம் என்று பெயர் சொல்வதற்கு முன்பே நெஞ்சு இளகிவிடுகிறது. மணத்தை வாங்கும் ஏற்பிகளின் மரபணுக்களை லிண்டா பக், ரிச்சர்ட் அக்செல் இருவரும் 1991இல் கண்டறிந்து வெளியிட்டார்கள். 2004இல் அதற்காக நோபல் பரிசு பெற்றார்கள். ஆனால், எழுத்தாளர்கள் முந்திக்கொண்டார்கள். பிரெஞ்சு நாவலாசிரியர் மார்செல் புரூஸ்ட் 1913இல் வெளியிட்ட தம் பெரிய நாவலின் முதற் பாகத்தில், தேநீரில் நனைத்த ஒரு கேக் துண்டிலிருந்து மறந்துபோன பிள்ளைப் பருவம் முழுவதும் எழுந்து வருவதைக் காட்டியிருந்தார்.

அப்படியானால் எந்த மணம் மனத்துக்கு நல்லது? சில மணங்களுக்கே இயல்பாக ஆறுதல் தரும் குணம் உண்டு என்று விற்பவர்கள் சொல்வார்கள். ஓர் உதாரணம் தருகிறேன். மீதைல் சலிசிலேற்று என்றொரு சேர்மம் உண்டு. அமெரிக்காவில் அது மிட்டாய்களில் மணக்கும். ஆகவே அங்கே பலருக்கு அது இனிய மணம். பிரித்தானியாவில் பழைய தலைமுறைக்கு அது வலிக்குப் பூசும் தைலத்தின் மணம். அவர்கள் முகம் சுளித்தார்கள். அதே சேர்மம் நம் ஊவாத் தேயிலையின் மணத்திலும் இருக்கிறது! பொருள் ஒன்று, மனநிலை மூன்று. மணத்தின் ஆற்றலில் பெரும்பங்கு, அது யாருடைய கையிலிருந்து, எந்த நாளில் நமக்கு வந்தது என்பதில்தான் தங்கியிருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. மூக்கு பழகிய மணத்தைச் சில நிமிடங்களில் விட்டுவிடும். வீட்டுக்குள்ளேயே இருப்பவனுக்கு வீட்டின் மணம் தெரியாது. கொழும்பில் கடையொன்றில் வேலைக்கு நின்று, தீபாவளிக்குத் தோட்டம் திரும்பும் இளைஞனுக்குத்தான் அது தெரியும். இஸ்தோப்பில் கால் வைத்ததும் அந்தப் புகையும் சாம்பிராணியும் அவனை வந்து சூழும். தாய் வாய் திறந்து "வாடா தம்பி" என்று சொல்லுமுன் வீடு சொல்லிவிடும். 2020இல் பரவிய கொவிட் நோயால் மணமறியும் புலனை இழந்தவர்களுள் பலர், உணவு ருசிக்கவில்லை என்பதோடு, சொந்த வீடே அந்நியமாகிவிட்டது போலிருக்கிறது என்றும் வருந்தினார்கள். அந்த வருத்தத்தை நாம் புரிந்துகொள்ள முடியும்.

நம் மக்களுக்கு இதில் ஒரு தனிக் கனமும் உண்டு. சுவரும் கூரையும் தோட்டத்துக்குச் சொந்தம். வேலையை விட்டால் காம்பராவையும் விட வேண்டும் என்ற நிலை நெடுங்காலம் இருந்தது. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் நாட்டையும் கேள்விக்குரியதாக்கியது. 1964இன் ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகை செய்தது. தலைமன்னாரிலிருந்து கப்பலேறி இராமேஸ்வரத்தில் இறங்கி, நீலகிரியிலே மறுபடியும் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்கள் பலர். எழுதிக் கொடுத்த உறுதி இல்லாத வீட்டில், அந்தக் குடும்பம் தானே உண்டாக்கி, தனக்கென்று வைத்துக்கொண்டது வாசனை ஒன்றுதான். அதை யாரும் திரும்பக் கேட்க முடியவில்லை.

இப்படிச் சொல்வதால், சாம்பிராணி போட்டால் துன்பம் தீரும் என்று நான் சொல்வதாக யாரும் கொள்ள வேண்டாம். நெடுநல்வாடையின் அரசிக்கு அரண்மனை இருந்தது, அழகிய கட்டில் இருந்தது, ஆறுதல் சொல்லத் தோழியரும் செவிலியரும் இருந்தார்கள். ஆனாலும், போருக்குப் போன கணவன் வரவில்லையே என்று அவள் கண்ணீரை விரலால் தெறித்துக்கொண்டுதான் இருந்தாள். நக்கீரர் அதை மறைக்கவில்லை. நாமும் மறைக்கக் கூடாது. சன்னல் திறக்காத காம்பராவில் விறகுப் புகை பெண்களின் நுரையீரலையும் பிள்ளைகளின் மூச்சையும் கெடுக்கிறது. 2022இல் எரிவாயு தட்டுப்பட்டபோது விறகடுப்புக்குத் திரும்பியவர்கள் இதை மீண்டும் அனுபவித்தார்கள். சாம்பிராணிப் புகையும் புகைதான். முட்டு உள்ள பிள்ளை இருக்கும் அறையில் கதவை அடைத்துப் போடுவது நல்லதல்ல. சுவரின் ஈரத்தை நறுமணத்தால் மூடிவிட்டு, கூரையைத் திருத்தச் சொல்லிக் கேட்காமல் இருப்பதும் நல்லதல்ல.

இன்று கடைகளில் போத்தல்களில் அடைத்த மணங்கள் வருகின்றன. புதிய தனிவீடுகளுக்குப் போன இளம் குடும்பங்கள் அவற்றை வாங்குகின்றன. அதை நான் பழிக்கவில்லை. அந்த வீட்டில் வளரும் பிள்ளைக்கு ஒருநாள் அதுவே தாய்வீட்டு மணமாகும். ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். வாரத்தில் ஒரு மாலையாவது ஒரே மணத்தை, ஒரே நேரத்தில், வீட்டிலுள்ள எல்லோரும் கூடியிருக்க ஏற்றிவையுங்கள். முதலில் சன்னலைத் திறந்துவிடுங்கள். அது பிச்சிப் பூவாக இருக்கட்டும், சாம்பிராணியாக இருக்கட்டும், பாலில் கொதிக்கும் ஏலக்காயாகவும் இருக்கட்டும். பிற்காலத்தில் தூரதேசத்தில் தனித்திருக்கும்போது உங்கள் பிள்ளைக்குத் துணையாக வரப்போவது அதுதான்.