சாபமா? பரம்பரைக் குறியா?



“அது சாபம் பிடித்த குடும்பம், தலைமுறை தலைமுறையாக வயிற்று வியாதியில் சாகிறார்கள்” என்று யாராவது சொன்னால், நீங்கள் திருப்பிக் கேட்க வேண்டியது ஒன்றுதான்: எல்லோருமா செத்தார்கள், சிலர் மட்டுமா?

நியூஸிலாந்தில் ஒரு மாவோரிப் பெருங்குடும்பம். சுமார் 30 வருஷங்களில் 25 பேருக்கு மேல் இரைப்பைப் புற்றுநோயால் மாண்டார்கள். 14 வயதுப் பிள்ளையும் தப்பவில்லை. சாபம் என்ற பேச்சும் எழுந்தது. ஆனால் அக்குடும்பத்தில் நர்ஸாயிருந்த ஓர் அம்மையாரும் உறவினரும் ஒட்டாகோ சர்வகலாசாலை ஆராய்ச்சியாளரை நாடினார்கள். வம்சாவளியைத் தொகுத்துக் கொடுத்தார்கள்; ரத்தமும் கொடுத்தார்கள். 1998-ல் பாரி கில்ஃபோர்டும் கூட்டாளிகளும் காரணத்தை வெளியிட்டார்கள்.

காரணம் என்ன? சி.டி.எச்.1 என்னும் ஜீனில் ஒரு பழுது. அந்த ஜீன் செய்யும் புரதம், சுவரில் செங்கல்லைச் சாந்து பிடிப்பதுபோல், இரைப்பையின் உயிரணுக்களை ஒன்றோடொன்று பிடித்து வைக்கிறது. தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்றாக நமக்கு அது இரண்டு உண்டு. ஒன்று பிறவியிலேயே பழுதாயிருந்து, மற்றதும் ஏதோ ஓர் உயிரணுவில் கெட்டால் அங்கே பிடிப்பு விடுகிறது, வியாதி தொடங்குகிறது.

பழுதுள்ளவரின் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அது வருவதும் வராததும் சரிபாதி. வராத பிள்ளை தன் சந்ததிக்கு அதைக் கொடுக்கவும் முடியாது. இப்படிக் கணக்குப் பார்த்து இறங்குகிற சாபம் உலகத்தில் உண்டா?

ஆனால், “பிறப்பிலேயே எழுதியாயிற்று, இது தலைவிதிதானே?” என்பார்கள் சிலர். அதுவும் தப்பு. குறி இருப்பவர் எல்லோருக்கும் வியாதி வருவதில்லை. வருமானால், அது கட்டியாகத் திரளாமல் உட்சுவருக்கடியில் பரவுவதால் குழாய் விட்டுப் பார்த்தாலும் எளிதில் தெரியாது. ஆகவே அக்குடும்பத்தில் குறி கண்ட பலர், வியாதி முற்றுமுன்பே இரைப்பையை முழுவதும் எடுத்துவிடச் சம்மதித்தார்கள். உணவுக் குழாயைச் சிறுகுடலோடு இணைத்துவிடுகிறார்கள். கொஞ்சங் கொஞ்சமாகப் பலமுறை சாப்பிடவும், பி12 ஊசி போடவும் வேண்டும். சிரமந்தான், ஆனால் உயிர் நிற்கிறது! விதியென்று உட்கார்ந்திருந்தால் நின்றிருக்குமா?

இன்னொன்று. இரைப்பைப் புற்றில் இம்மாதிரிப் பரம்பரை வகை நூற்றுக்கு மூன்றுக்கு மேற்படாது. பெரும்பான்மைக்கு மூலம் ஹெலிகோபாக்டர் என்னும் கிருமி. அது மருந்துக்குக் கட்டுப்படும். ஆகையால் ஒருவருக்கு வந்ததும் குடும்பத்தையே ஒதுக்காதீர்கள். பெண் கொடுக்க அஞ்சாதீர்கள். ஒரே வீட்டில் பலருக்கு, அதிலும் இளவயதில் வந்திருந்தால், யார் யாருக்கு எந்த வயதில் என்று எழுதி எடுத்துக்கொண்டு வைத்தியரிடம் போங்கள். மறைப்பதால் மானம் காப்பாற்றப்படுவதில்லை. பிள்ளைகள்தான் சாகிறார்கள் என்று சொல்லி முடித்துக்கொள்ளுகிறேன்.