மிகையாக வழங்கிய ஊதியம்: திரும்பப் பெறுதலின் வரம்புகள்



1970-ஆம் ஆண்டில் கார்டாகப் பதவி உயர்வு பெற்ற ரயில்வே ஊழியர் ஒருவருக்கு மாத அடிப்படைச் சம்பளம் 190 ரூபாய் என நிர்ணயிக்கப்பட்டது. 1991-ல் நிர்வாகம் அதனைத் தவறெனக் கண்டு, 181 ரூபாயாகக் குறைத்தது. அதுவும் 1970 முதலே குறைத்தது. இடையில் சென்றவை இருபது ஆண்டுகளுக்கும் மேல். அவரிடம் ஒரு வார்த்தை விளக்கம் கேட்கப்படவில்லை. பகவான் சுக்லா வழக்கு எனப்படும் இவ்வழக்கில், 1994-ல் உச்ச நீதிமன்றம் அந்த ஆணையை ரத்துச் செய்தது. விளக்கம் கூற வாய்ப்பளிக்காமல் ஒருவரது சம்பளத்தைக் குறைப்பது இயற்கை நீதிக்கு முரணானது என்பதே காரணம்.

மிகைத் தொகையைத் திருப்பிச் செலுத்துமாறு கடிதம் வந்தவுடன், இனிச் செய்வதற்கொன்றுமில்லை எனப் பலர் மனந்தளர்கின்றனர். அது சரியன்று. அதேவேளை அரசின் பக்கமும் நியாயம் உண்டு. சென்றது வரி செலுத்துவோரின் பணம். பெற்றவர் வஞ்சனை செய்யவில்லை என்பதாலேயே தொகை அவருக்குச் சொந்தமாகிவிடாது எனவும், மிகுந்த இன்னல் நேரும் நிலைகளே விலக்கு எனவும் 2012-ல் சண்டி பிரசாத் உனியால் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது.

அந்த இன்னல் எது என்பதற்கு 2014 டிசம்பரில் ரஃபீக் மசீஹ் வழக்கின் தீர்ப்பு விடையளித்தது. தவறு ஊழியருடையதாக இல்லாதவிடத்து, மூன்றாம், நான்காம் பிரிவு ஊழியரிடமும், ஓய்வு பெற்றவர் அல்லது ஓராண்டுக்குள் ஓய்வு பெறவிருப்பவரிடமும் பிடித்தம் கூடாது. ஐந்தாண்டுகளுக்கு மேல் தொடர்ந்து வழங்கிய மிகைக்கும், உயர்பதவிப் பணியைத் தவறாகச் சுமத்தி அதற்கேற்ப வழங்கிய ஊதியத்திற்கும் இதுவே விதி. இவற்றில் அடங்காவிடினும், பிடித்தம் அளவுகடந்த கொடுமையாகுமெனில் நீதிமன்றம் தடுக்கலாம். மத்திய அரசின் பணியாளர் துறை 2016 மார்ச்சில் இதனை எல்லா அமைச்சகங்களுக்கும் அனுப்பியது. ஆயினும் அலுவலகத் தலைவர் தாமாகவே தள்ளுபடி செய்ய இயலாது. செலவினத் துறையின் ஒப்புதல் வேண்டும். கோப்புகள் தேங்குவதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

பலரும் கவனியாத கண்ணி ஒன்று உண்டு. ஊதிய நிர்ணயத்தின்போது, மிகை இருப்பின் திருப்பித் தருவேன் என்று உறுதிமொழி எழுதி வாங்குவது வழக்கம். படிக்காமலே கையெழுத்திடுபவர் அநேகர். ஜக்தேவ் சிங் வழக்கில், 2016-ல், அத்தகைய உறுதிமொழி தந்தவரை அது கட்டுப்படுத்தும் எனத் தீர்ப்பாயிற்று. ஆகவே கடிதம் பெற்றவர் கணக்கீட்டுத் தாளையும், மூல நிர்ணய ஆணையையும், உறுதிமொழியின் நகலையும் முதலில் எழுத்து மூலம் கேட்பது நலம்.

பிடித்தம் தடைபட்டாலும் தவறான ஊதியம் அப்படியே தொடரும் எனக் கருதலாகாது. அதனை முறைப்படி திருத்தலாம். முறையீடு நிராகரிக்கப்பட்டால், இறுதி ஆணை பிறந்த ஓராண்டுக்குள் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்தை அணுக வேண்டும்.