எண்ணும் நட்பும்

(நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நட்பைக் குறித்து நம் முன்னோர் கூறாது விட்டது யாதுமில்லை. ஆயினும் அவர் காணாத ஒன்றை நாம் காண்கின்றோம். நட்பைத் தொகையால் அளக்கும் வழக்கமே அது. அதுபற்றிச் சில கூற விரும்புகின்றோம்.

2004-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் முகநூல் தோன்றிற்று. தொடர்பு கொண்டார் யாவரையும் 'நண்பர்' என்னும் ஒரே பெயரால் அது வழங்கிற்று. ஒருவர்க்கு 5,000 நண்பர் வரை அமையலாமென வரம்பும் வகுத்தது. 2009-இல் 'லைக்' என்னும் விருப்பக்குறி சேர்ந்தது. அதற்குமுன் ஒருவர் செய்திக்கு மகிழ்ச்சி தெரிவிக்க வேண்டின் இரண்டு சொல்லேனும் எழுதல் வேண்டும். பின்னரோ, விரலால் தொட்டு அகலலாயிற்று. தொட்டவர் தொகையும் யாவரும் காணக் கீழே நின்றது. "என்ன சொன்னார்?" என்று கேட்ட உள்ளம், "எத்தனை பேர்?" என்று கேட்கத் தொடங்கிற்று.

தொகை வந்தவிடத்து வாணிகமும் வருமன்றோ? பின்தொடர்வோரை விலைக்கு விற்பாரும் தோன்றினர். 2018-இல் ட்விட்டர் நிறுவனம், ஐயுற்றுப் பூட்டிவைத்த கணக்குகளை எண்ணிக்கையினின்றும் நீக்கியபோது, புகழ்மிக்கார் பலர் இலட்சக்கணக்கானோரை இழந்தனர். அவர்தம் உற்றாருள் ஒருவரும் குறைந்திலர்! இன்ஸ்டாகிராம் 2019-இல் சில நாடுகளில் விருப்பக்குறித் தொகையை மறைத்துப் பார்த்தது. 2021-இல், வேண்டுவோர் மறைத்துக்கொள்ளலாம் என விட்டது. தொகையைக் காட்டியவர்க்கே அதுபற்றி ஐயம் எழுந்தது காண்க. தன் படத்திற்குக் குறிகள் குறைந்தனவென்று அதனை அழித்துவிட்டு, நாள் முழுதும் முகம் வாடியிருக்கும் சிறுமியரை யாம் வகுப்பறையிற் கண்டிருக்கின்றோம்.

"சேய்மையில் உள்ளாரை இணைக்கும் கருவியைப் பழித்தல் தகுமோ?" எனின், கருவியை யாம் பழித்தோமல்லேம். பாண்டிநாட்டுப் பிசிராந்தையாரும் உறையூர் வேந்தன் கோப்பெருஞ்சோழனும் ஒருவரையொருவர் காணாமலே நண்பராயினர். வேந்தன் வடக்கிருந்தபோது அவர்க்கென ஓரிடம் ஒதுக்குவித்தான். அவரும் தவறாது வந்தனர். உணர்ச்சி ஒத்த நட்பிற்குப் பரிமேலழகர் காட்டிய சான்றும் இவ்விருவரே. ஆகலின் தொலைவு நட்பிற்குப் பகையன்று. வருவாரென நம்பி இடம் ஒதுக்குதலும், அந்நம்பிக்கை பொய்யாது வருதலுமே நட்பு. அவ்விடத்தில் நின்ற தொகை ஒன்றே.

இனி நம்மை நோக்குவோம். நம் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் இறப்புச் செய்தி வரின், கைகூப்பிய சின்னங்கள் நொடியில் நிறைகின்றன. சென்ற மாரிக்காலத்தில் நம்மவர் ஒருவர் காலமானபோது நூற்றுவர்க்கு மேற்பட்டோர் அங்ஙனம் கைகூப்பினர். பாடை சுமக்கவோ நான்கு தோள் வாய்த்தில. அத்தெருவார் வந்து சுமந்தனர். அவருள் ஒருவரும் நம் மரபினர் அல்லர் என்பதையும் ஈண்டுச் சொல்லாது விடுதற்கில்லை. கைகூப்பினார் பொய்யர் என யாம் கூறவில்லை. குறியிட்ட அளவில் தம் கடன் தீர்ந்ததென்று எண்ணினர். பிறர் பலர் சென்றிருப்பர் என்றும் எண்ணினர். தொகை பெரிதாயிருந்தமையே அவரை மயக்கிற்று.

ஆதலின் சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம். நோயுற்றார், துணையிழந்தார், தனித்திருக்கும் முதியோர் ஆகியோர் பெயரைத் திங்கள்தோறும் எழுதிக்கொண்டு, தெருத்தோறும் இருவர் நேரிற் சென்று ஒரு நாழிகையேனும் உடனிருந்து வருக. வெளியூரில் உள்ளார் தொலைபேசியில் அழைத்துக் குரல் கேட்பிக்க. இளைஞர்காள்! குறியிடுவதை நிறுத்த வேண்டா. குறியிட்ட கை கதவையும் தட்டுக.

மற்றொன்று. எத்தனை வீடுகளுக்குச் சென்றோம் என்னும் தொகையை மட்டும் நம் பத்திரிகையில் வெளியிடல் வேண்டா. சென்றவர்க்கும் வீட்டார்க்கும் அது தெரிந்திருத்தல் போதும்.